ஃபீஃபி அண்ணாந்து பார்த்த வீடு

அராபாவின் வீட்டுக்கு எதிரே ஃபீஃபி நின்றார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தொப்பி விழாத அளவுக்குக் கழுத்தைச் சாய்த்து, இடது கண்ணை மூடி, வலது கண்ணால் மேல்மாடிக் கூரையோரக் கொடுங்கையை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை மேய்ந்தார். கொடுங்கையில் தொடங்கி ஜன்னலைச் சுற்றிக்கொண்டு கீழே இறங்கிய விரிசல் ஒன்று அவருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. அது எங்கே போய் முடிகிறது என்று பார்ப்பதற்குள் ஜன்னல் திறந்தது. ஒரு பேசின் தண்ணீர் இறங்கியது.

"போடா அந்தப் பக்கம்! எனக்கு இன்னும் நாளிருக்கு!"

"உங்களப் பாக்கல அராபாம்மா. உங்க சுவரத்தான் பாக்குறேன்."

"சுவருக்கு உள்ள யாருடா இருக்கா? நான்தான இருக்கேன்!"

ஃபீஃபி சட்டைக் கையை முகர்ந்து பார்த்தார். மீன் கழுவிய தண்ணீர் இல்லை, துணி அலசியதுதான். திருப்தியோடு அடுத்த வீட்டுக்கு நகர்ந்தார். அங்கே ஒரு பெரியவர் அவசரமாக எழுந்து, தான் எவ்வளவு நிமிர்ந்து நடக்கிறார் என்பதைக் காட்ட வாசலில் இரண்டு முறை உலாவினார்.

கடலோர ஊரான செக்கொண்டியின் பழைய வணிகர் தெருவில் ஃபீஃபி எசுமானின் காலை நடை இப்படித்தான். ஒல்லி உடம்பு, அறுபதை எட்டப்போகும் வயது, ஒரு காலத்தில் நீலமாக இருந்த தொப்பி. தொழில் பெயிண்டர். எந்த வீட்டில் வேலை நடக்கிறது என்று அவரைக் கேட்க வேண்டியதில்லை, காதைப் பார்த்தால் போதும். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் வலது காது மடலில் அந்த வாரத்து நிறம் ஒரு பொட்டு மிச்சமிருக்கும்.

தண்ணீர் ஊற்றுகிறவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது. இந்தத் தெருவில் உயிரோடு இருப்பவர்களுக்காக யாரும் வீட்டுக்குப் பெயிண்ட் அடிப்பதில்லை. ஒரு கிழவியின் வயிற்றில் பிறந்த பெண் வழிப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் வீடு பொது. பொது என்றால் உரிமை கொண்டாட எல்லாரும் உண்டு, ஒழுகும்போது ஒருவரும் இல்லை. வீட்டில் ஒரு பெரிய தலை சாய்ந்தால்தான் அக்ராவிலிருந்தும் குமாசியிலிருந்தும் லண்டனிலிருந்தும் ஆள் வந்து சேரும். போனவர் ஆஸ்பத்திரிக் குளிரறையில் வாரக்கணக்கில் பொறுமையாகப் படுத்திருப்பார். இங்கே குடும்பக் கூட்டம் கூடும், சாரம் ஏறும், ஓட்டை அடைபடும், சுவர் பளபளக்கும். பிறகுதான் சாவுச் சடங்கு. ஊரே வந்து நிற்கும் நாளில் வீடு பல்லை இளிக்கக் கூடாது அல்லவா?

ஆகவே பெயிண்டர் ஒரு வீட்டை நின்று பார்த்தால், உள்ளே இருக்கும் முதியவர்கள் தங்கள் நாளை எண்ணத் தொடங்கிவிடுவார்கள். ஃபீஃபியின் பார்வை பட்டு ஒரு சேவல் கூவுவதை நிறுத்தி முழங்கால் போட்டதாகச் சொல்வார்கள். ஒருமுறை செருப்பில் குத்திய முள்ளை எடுக்க அவர் ஓரிடத்தில் நின்றதற்கு, எதிர்வீட்டுப் பெரியவர் பாதிரியாரை அழைத்துவரச் சொல்லிப் பாவங்களை ஒப்பிக்கத் தொடங்கிவிட்டார். பாதியில், முள்தான் என்று தெரிந்தது. அவர் வாயை மூடிக்கொண்டார். மிச்சப் பாவங்களுக்காகப் பாதிரியார் இன்றுவரை காத்திருக்கிறார்.

"எல்லாம் பைத்தியக்காரத்தனம்," என்பார் ஃபீஃபி. "பார்வையில சாவு வந்துருமா? அப்பிடின்னா டாக்டருங்க கண்ணக் கட்டிக்கிட்டுல்ல வரணும்?"

அவருக்கு வீடுகள்தான் பிடிக்கும். துறைமுகம் பக்கத்து ஊரான தக்கொராடிக்குக் கிளம்பியபோது காசும் அதே வண்டியில் ஏறிப் போய்விட்டது. வீடுகளுக்குக் கால் இல்லாததால் அவை மட்டும் நின்றுகொண்டன. கீழே கிடங்கு, மேலே குடியிருப்பு, முகப்பு முழுக்க மர வராந்தா, உச்சியில் சுண்ணாம்பில் செதுக்கிய பெயரும் ஆண்டும். பாமாயில் வியாபாரி ஒருவர் தன் வீட்டுக்குக் கப்பலில் இரும்புத் தூண்கள் வரவழைத்தார். ஒன்று கூடுதலாக வந்துவிட்டது. திருப்பி அனுப்ப மனமில்லாமல் வாசல் முற்றத்தில் நட்டுவைத்தார். எதையும் தாங்காமல் நிற்கும் அந்தத் தூணில் இப்போது ஆடு கட்டுகிறார்கள். அந்த ஆட்டுக்குத் தெருவில் தனி மதிப்பு. இன்னொரு வீட்டின் நெற்றியில் கடிகாரத்துக்காக விட்ட வட்டம் இருக்கிறது. கடிகாரம் வரவில்லை. முள்களை வரைந்துவிட்டார்கள். அந்த வீட்டில் எப்போதும் மணி நாலேகால். இரண்டு சகோதரர்கள் சண்டை போட்டு, மாடிப்படியின் நட்டநடுவே சுவர் எழுப்பிய வீடும் உண்டு. ஆளுக்கு அரைப் படி. அந்தக் குடும்பத்தில் இன்றும் எல்லாரும் ஒருக்களித்தே நடப்பார்கள்.

தகட்டு முனையால் சுவரை லேசாகச் சுரண்டிப் பார்ப்பது ஃபீஃபியின் இன்னொரு பழக்கம். நிறத்துக்கு அடியில் நிறம். ஒவ்வொரு நிறமும் ஒரு சாவு. "இந்த மஞ்சள் ரெண்டு பொண்டாட்டிக்காரரு. அடியில நீலம், அது கடல்ல போன ஜோ. அதுக்கும் அடியில இந்த ரோஸ் இருக்கே, அது பெரிய கிழவி. அந்தக் காலத்து ரோஸு, அசைக்க முடியாது. அவளும் அப்பிடித்தான் இருந்தா."

தெருவிலேயே ஒரு வீட்டை மட்டும் அவர் நின்று பார்ப்பதில்லை. ஓரக்கண்ணால் ஒரு வீச்சு, பிறகு விறுவிறுவென்று நடை. அது அவருடைய அம்மா வழி வீடு. மேல்மாடியில் தாய்மாமன் பைடூ இருக்கிறார். ரயில்வேயில் சிக்னல் பார்த்தவர். எண்பதைத் தாண்டியும் பல்லில் கரும்பு கடிப்பவர். இங்கே ஒருவருக்குப் பின் அவர் இடத்துக்கு வருவது மகன் அல்ல, அக்காள் மகன். அந்த அக்காள் மகன் ஃபீஃபி. மாமனின் வீட்டை மருமகன் நின்று அளந்தால் ஊர் என்ன பேசும்?

ஊர் பேசுவதற்கு முன் மாமாவே பேசிவிடுவார்.

"வாங்க வாரிசே. நாடி பாக்க வந்தீங்களா?"

"மீன் கொண்டாந்தேன் மாமா."

"முள்ளோடயா? அதானே பாத்தேன்."

இருந்தாலும் ஃபீஃபியின் தூக்கத்தைக் கெடுத்தது அந்த வீடுதான். அம்மா போனபோது அடித்த பச்சைக்குப் பிறகு அங்கே தூரிகை படவில்லை. அந்த வீட்டில் ஆயுள் கெட்டி. அதனாலேயே சுவர் கெட்டுப்போயிற்று. மேல் வராந்தாவைக் கரையான் உள்ளுக்குள்ளேயே தின்று முடித்திருந்தது. பல இடங்களில் மரம் இல்லை, மரத்தின் மேல் இருந்த பெயிண்ட்தான் மரம்போல் நின்றுகொண்டிருந்தது. அதன் மேல் மாமாவின் கட்டில். கடற்காற்றும் தெரு வம்பும் ஒருசேர வந்து சேரும் இடம் அதுவென்று இரவும் பகலும் அங்கேதான் கிடை.

"உள்ள படுங்க மாமா. மழ வந்தா இது நிக்காது."

"உள்ள படுத்தா செத்துட்டேன்னு நெனச்சுக்குவாங்க. நீயும் வசதியா தொப்பியக் கழட்டிருவ."

தானே சரிசெய்துவிடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. பொது வீட்டில் தனி ஆள் ஆணி அடித்தால், நாளைக்கு அந்த ஆணியில் வீட்டையே மாட்டிக்கொள்வான் என்பது குடும்பத்தாரின் அச்சம். முன்பொருமுறை உடைந்த மாடிப்படிக்கு ஃபீஃபி புதுப் பலகை வைத்தார். செய்தி அக்ராவுக்குப் போயிற்று. பெரியம்மா மகள் எஃபுவா ஃபோனில் கொதித்தாள்: "யாரக் கேட்டு வெச்ச? கூட்டம் கூடுச்சா? இன்னிக்குப் படி, நாளைக்கு வீடா?" ஃபீஃபி புதுப் பலகையைப் பிடுங்கிவிட்டு, உடைந்ததைத் தேடி எடுத்து மறுபடியும் பொருத்தினார். தெரு முழுக்கப் பெயிண்ட் அடித்தவருக்குத் தன் வீட்டில் ஒரு பலகை வைக்க உரிமை இல்லை. கூட்டம் கூட வேண்டும். யாராவது செத்தால்தான் கூட்டம் கூடும். சாகவேண்டிய வரிசையில் முதலில் நிற்பவர் அந்த வராந்தாவில் படுத்துக் கரும்பு கடித்துக்கொண்டிருந்தார்.

போன மழைக்காலத்துக்கு முன்னால் முதல் காற்று அடித்த காலை. மாமா வீட்டை வழக்கம்போல் வேகமாகக் கடக்கும்போது, வராந்தாக் கைப்பிடியின் கம்பு ஒன்று ஃபீஃபியின் காலடியில் வந்து விழுந்தது. கையில் எடுத்தார். காற்றைப்போல் கனமில்லாமல் இருந்தது. நிமிர்ந்தார். கட்டிலுக்கு நேர் கீழே உத்தரம் வாயைப் பிளந்திருந்தது.

நின்றுவிட்டார். எங்கே முட்டுக் கொடுப்பது, கட்டிலை எந்தப் பக்கம் இழுப்பது, மாமாவை எப்படி இறக்குவது என்று மனத்துக்குள் சாரம் கட்டிக்கொண்டே பார்த்தார். கழுத்து சாய்ந்துகொண்டே போனது. தொப்பி தரையில் விழுந்தது. அதுகூட அவருக்குத் தெரியவில்லை.

தெருவுக்குத் தெரிந்தது. அராபாவின் கையிலிருந்த பேசின் நழுவிப் படிகளில் உருண்டு, தெருவைத் தாண்டி, ஆட்டுத் தூணில் முட்டி நின்றது. அவர் அக்ராவுக்கு ஃபோன் போட்டார்.

"எஃபுவா, ஃபீஃபி நின்னுட்டான்."

"எங்க?"

"உங்க வீட்டு முன்னால."

"எவ்வளவு நேரம்?"

"தொப்பி கீழ விழுற வரைக்கும்."

"ஐயோ மாமா!" என்றாள் எஃபுவா.

மறுநாள் மதியம் ஒரு வேன் வந்து நின்றது. முதலில் அழுகை இறங்கியது. பின்னால் ஆட்கள் இறங்கினார்கள். கடைசியாகத் துணிக்கட்டு இறங்கியது. நன்றாக வாழ்ந்து முதிர்ந்து போகிறவருக்குக் குடும்பமே ஒரே மாதிரி அணிய வேண்டிய வெள்ளைத் துணி, அதில் நீலச் சங்குகள். கடைக்காரரிடம் பேரம் பேசும் நிதானம் துக்கத்தில் இருக்காது என்று எஃபுவா முன்கூட்டியே வாங்கிவிட்டாள்.

மேலே வராந்தாவில், வாழைச் சருகில் பொதிந்த புளித்த சோளமாவுக் கெங்கேயைப் பிரித்து, பொரித்த மீனை மிளகாய் விழுதில் புரட்டிக்கொண்டிருந்த பைடூ மாமா எட்டிப் பார்த்தார்.

"யாருப்பா செத்தது?"

ஃபீஃபி மாடிப்படியில், உடைந்த பலகையைத் தாண்டி, மூச்சிரைக்க ஓடினார். "மாமா, தப்பாப் போச்சு. நான் வராந்தாவத்தான் பாத்தேன். ஊரு உங்களன்னு நெனச்சுருச்சு."

மாமா மீனை மென்றார். கீழே பார்த்தார். அக்ரா வந்திருந்தது, குமாசி வந்திருந்தது, பல வருஷமாக முகம் காட்டாத கேப் கோஸ்ட்டும் வந்திருந்தது.

"வராந்தாவப் பாருங்கடான்னு எத்தன வருசமா கத்துறேன். ஒருத்தன் வரல. நீ ஒரு தடவ பாத்த, மொத்தக் கூட்டமும் வந்துருச்சு." தட்டைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். விரல்களைச் சப்பினார். "என்னைய உள் அறைக்குத் தூக்கிட்டுப் போ."

"மாமா, இது பொய்யில்லையா?"

"நான் என்னிக்காவது சாகத்தான போறேன்? அது பொய்யா?"

ஃபீஃபி எஃபுவாவிடம் உண்மையைச் சொல்லத்தான் செய்தார். "அக்கா, சத்தியமா நான் மரத்தத்தான் பாத்தேன்." எஃபுவா அவர் கன்னத்தைத் தட்டினாள். "மறைக்காதடா தம்பி. நீ எல்லா வீட்டுலயும் இதத்தான சொல்லுவ?"

கூடத்தில் கூட்டம் கூடியது. பக்கத்து அறைக் கதவைத் திறந்தே வைக்கச் சொல்லியிருந்தார் மாமா. கண் மூடிப் படுத்திருந்தவரின் காதுகள் மட்டும் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தன.

"வராந்தா கெடக்கட்டும். மொதல்ல பந்தல், சாப்பாடு, பேண்டு," என்றாள் எஃபுவா.

உள்ளிருந்து ஓர் இருமல் வந்தது. கிணற்றுக்கடியிலிருந்து வருவதுபோல் குரல். "எஃபுவா... கூட்டம் வருமேம்மா... எல்லாரும் வராந்தாவுலதான நின்னு பாப்பாங்க... ஒரு சாவுக்கு வந்தவங்க பத்துச் சாவா திரும்பிப் போனாங்கன்னு ஊரு பேசுமே..."

கூட்டத்தார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வராந்தா முடிவாயிற்று. அடுத்த இருமலில் மாடிப்படி முடிவாயிற்று. கூரைக்கு நீண்ட பெருமூச்சு ஒன்று தேவைப்பட்டது. நிறத்தில்தான் சிக்கல். குமாசிக்காரர் சாம்பல் நிறம் என்றார்.

"சாம்பலா?" உள்ளே குரல் சட்டென்று தெளிந்துவிட்டது. "நான் என்ன அடுப்பா?" பிறகு நினைவு வந்து, மறுபடி கிணற்றுக்குள் இறங்கியது. "வெள்ளைம்மா... வெள்ளையும் செம்மண்ணும்..."

தச்சர்கள் வந்தார்கள். பழைய உத்தரம் கையோடு பொடியாகிக் கீழே கொட்டியதைப் பார்த்து எஃபுவா சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். "இதுக்கு மேலயாடா மாமா படுத்துக் கெடந்தாரு?" ஃபீஃபி முதன்முறையாகத் தன் வீட்டுச் சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்தார். வீட்டின் தெருப்பக்க மூலைத் தூணில், கை எட்டும் உயரத்தில், அம்மா போனபோது அடித்த பச்சை பெரிதாக வெளுக்காமல் இருந்தது. அங்கே தகடு நின்றது. சுற்றிலும் வெள்ளை அடித்தார். உள்ளங்கை அகலத்துக்கு அதை மட்டும் விட்டுவிட்டார்.

"இது என்னடா, வழுக்க மாதிரி?"

"ஈரம் இருக்கு அக்கா. காயட்டும்."

இன்னும் காயவில்லை.

மாமா படுத்த படுக்கையில் நன்றாகச் சதை போட்டுவிடுவார் என்றுதான் ஃபீஃபி நினைத்திருந்தார். ஆனால் காற்றும் வம்பும் இல்லாத பின்னறையில், ஊர் பார்க்கக் கஞ்சி மட்டும் குடித்து, மாமா நிஜமாகவே இளைத்தார். ஒரு மதியம் நிறத்தைக் காட்டலாம் என்று தூரிகையோடு உள்ளே போன ஃபீஃபி, "மாமா" என்றார். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டார். போர்வை அசையவில்லை. பார்வையில் சாவு வருமா என்று வாழ்நாளெல்லாம் கேலி பேசியவருக்குத் தான் நின்றதும் தொப்பி விழுந்ததும் ஒருசேர நினைவுக்கு வந்தன. தரையில் உட்கார்ந்துவிட்டார். தூரிகையிலிருந்து வெள்ளை சொட்டிக்கொண்டிருந்தது.

"தரையில சிந்தாதடா," என்றது போர்வை. "வராந்தாவுல கடைசிப் பலக போட்டாச்சா?"

"போட்டாச்சு," என்றார் ஃபீஃபி. சட்டை முனையால் தரையைத் துடைத்தார்.

பெயிண்ட் காய்ந்த மறுநாள், குடும்பமே கீழே நின்று வீட்டை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, மேலே கதவு திறந்தது. பைடூ மாமா தன் கட்டிலைத் தானே இழுத்துக்கொண்டு வந்தார். புது வராந்தாவின் நடுவில் நின்று, வலது காலால் ஓங்கி ஒரு மிதி மிதித்தார். பிறகு இடது காலால். வராந்தா அசையவில்லை.

"பரவால்ல," என்றார்.

"மாமா!" எஃபுவாவுக்குக் குரல் உடைந்தது. "நாங்க துணி எடுத்துட்டோமே! சமையலுக்குச் சொல்லிட்டோமே!"

"துணியக் காட்டு."

கட்டைப் பிரித்துத் தூக்கிப் பிடித்தார்கள். மாமா நெடுநேரம் பார்த்தார். "சங்கு நல்லாருக்கு. எனக்கு ஒரு சட்டைக்கு வெட்டிக் குடு."

தெரு முழுக்க வேடிக்கை பார்த்தது. மாமா பிழைத்துவிட்டாரே என்று நடுத்தெருவில் அழ முடியுமா? ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் நன்றி வழிபாடு நடந்தது. அதே பந்தல், அதே சமையல், அதே பேண்டு. குடும்பமே நீலச் சங்குத் துணியில் வந்தது. ஊர்வலத்தில் முதல் ஆளாக மாமா ஆடிக்கொண்டு போனார். மழை அதற்கு அடுத்த வாரம் வந்தது, வராந்தாவைக் கழுவிவிட்டுப் போயிற்று.

இப்போது அராபா பேசினைத் தூக்குவதில்லை. ஃபீஃபி வரும் நேரத்துக்கு ஜன்னலைத் திறந்துவைத்துக் காத்திருக்கிறார்.

"ஃபீஃபி, கண்ணு, கொஞ்சம் நின்னுட்டுப் போயேன். கூரை ஒழுகுது."

"பாத்தாச்சு அராபாம்மா."

"எங்க பாத்த? தொப்பி இன்னும் தலையிலதான இருக்கு?"

அடுத்த வீட்டுப் பெரியவர் இப்போதெல்லாம் நிமிர்ந்து உலாவுவதில்லை. வாசலில் ஃபீஃபிக்கு ஒரு நாற்காலி போட்டுவைத்து, முடிந்தவரை கூனிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். ஃபீஃபி எல்லார் சுவரையும் பார்க்கிறார். விரிசல்களை விசாரிக்கிறார். நாலேகால் மணி வீட்டைத் தாண்டி, ஆட்டுக்கு வழிவிட்டு நடக்கிறார்.

பிறகு மாமா வீடு வருகிறது. வெள்ளையும் செம்மண்ணும் வெயிலில் கண்ணைப் பறிக்கின்றன. மேலே சங்குச் சட்டை போட்ட மாமா, கைப்பிடியில் சாய்ந்து கரும்பு கடிக்கிறார்.

"டேய் வாரிசு! மேல ஒரு பட்ட அடிக்காம விட்டுப்போச்சு பாரு! இதுக்கா இத்தன நாள் எடுத்த? நிமிந்து பாருடா!"

ஃபீஃபி இடது கையால் தொப்பியைப் பிடித்துக் கண்கள் மறையும்வரை கீழே இழுத்துவிடுகிறார். வலது கையைச் சுவரில் வைத்து, விரல்களால் அதைத் தடவியபடியே, கண் தெரியாதவரைப்போல் மெல்ல நடக்கிறார், மூலைத் தூணில் அந்த உள்ளங்கை அகலப் பச்சை வரும்வரை.